குச்சனூர்ச் சனிக்கு இரண்டு தேதி

2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டது என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச் 6 வரை சனி கும்பத்திலேதான் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்று, 2025-இல் சனிப்பெயர்ச்சி கிடையாது என்று அறிவித்தது. தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்த குச்சனூரில், சுரபி நதிக்கரையில், சனீஸ்வரர் சுயம்புவாகத் தனிக்கோயில் கொண்டிருக்கிறார். அப்போது அங்கே எள் தீபம் ஏற்ற வந்த மேஷ ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதா, இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறதா என்பது சாதாரணக் கேள்வி இல்லை. கல்யாணத்தை, வீடு கட்டுவதை, கடன் வாங்குவதை அதை வைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கேட்டால், "அது ஒரு மரபு, இது ஒரு மரபு, அவரவர் நம்பிக்கை" என்று பேச்சை முடித்துவிடுவது நம் வழக்கம். மரியாதையான பதில்தான், ஆனால் சரியான பதில் இல்லை. வானத்தில் சனி ஒன்றுதான். ஒரே நேரத்தில் அது இரண்டு இடத்தில் இருக்க முடியாது. எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதைத் தொலைநோக்கி இல்லாமலே பார்த்துச் சொல்லிவிடலாம். பிரபஞ்சத்தைப் பற்றி மாற்றுக் கொள்கைகளும் உள்ளுணர்வுகளும் ஞான தரிசனங்களும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை எப்படி எடைபோடுவது என்பதற்கும் இந்தச் சனி விவகாரமே நல்ல உரைகல்.

அப்படிப் பார்க்க ஒரு வாய்ப்பு 2020 டிசம்பர் 21 அன்று வந்தது. அன்று மாலை தென்மேற்கு அடிவானில் குருவும் சனியும் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றன. இரண்டுக்கும் இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. உலகமே அண்ணாந்து பார்த்த நிகழ்ச்சி அது. இப்போது அந்த ஆண்டின் வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கை எடுத்துக்கொள்வோம். குரு 2020 நவம்பர் 15 அன்றே தனுசை விட்டு மகரத்துக்குப் போய்விட்டது. சனி மகரத்துக்கு வந்ததோ டிசம்பர் 27 அன்று. ஆகவே டிசம்பர் 21 மாலையில், வாக்கியத்தின்படி, குரு மகரத்துக்குள் சுமார் 7 பாகை போயிருந்தது. சனி இன்னும் தனுசின் கடைசிப் பாகையைத் தாண்டவில்லை. இடையில் கிட்டத்தட்ட 8 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது வானத்தில் மறைப்பது ஏறத்தாழ 10 பாகை. ஒரு முஷ்டி அகலத்துக்குச் சற்றே குறைவான இடைவெளி இருந்திருக்க வேண்டிய இடத்தில், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ராசியின் எல்லையை எங்கே வைப்பது, அயனாம்சம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்று சிலர் இங்கே குறுக்கிடுவார்கள். வேறுபாடு உண்டுதான். ஆனால் எல்லையை எங்கே நகர்த்தினாலும், ஒட்டி நிற்கும் இரண்டு கிரகங்களுக்கு நடுவே 8 பாகை முளைக்காது. இந்தச் சோதனையில் அயனாம்சத்துக்கு வேலையே இல்லை.

பிழை எங்கிருந்து வந்தது? யாரும் ஏமாற்றவில்லை. பழைய கணக்கைத் திருத்தாமல் விட்டதன் விளைவு அது. 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயம், 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் சனி 1,46,564 சுற்று வருவதாகச் சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 10,766 நாள். இன்றைய அளவீட்டில் அது 10,759 நாள். வெறுங்கண்ணால் பார்த்து, முப்பதாண்டுக்கு ஒருமுறை சுற்றும் கிரகத்தில் ஏழே நாள் பிசகு என்றால் அந்தக் கணக்கரைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் அன்று முதல் சனி 51 சுற்று முடித்துவிட்டது. சுற்றுக்கு ஏழு நாள் வீதம் சேர்ந்தால் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பஞ்சாங்கங்களின் சனிப்பெயர்ச்சித் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: மகரத்துக்கு 2020 ஜனவரி 24, டிசம்பர் 27, கும்பத்துக்கு 2023 ஜனவரி 17, டிசம்பர் 20, மீனத்துக்கு 2025 மார்ச் 29, 2026 மார்ச் 6. மூன்று முறையும் சுமார் பதினோரு மாதம். இடைக்காலத்தில் சேர்ந்த சிறு திருத்தங்கள், சனியின் வக்கிர நடை ஆகியவை இருப்பதால் இது அச்சுப் பிசகாத நேர்க்கணக்கு இல்லை. பிழையின் பருமன் எங்கே பிறந்தது என்று காட்ட இது போதும்.

வாக்கிய முறையைப் பழமை என்று எள்ளி ஒதுக்குவது அநியாயம். 'வாக்கியகரணம்' சுமார் 1300-இல் காஞ்சிப் பகுதியில் எழுதப்பட்டதாக அதைப் பதிப்பித்த குப்பண்ண சாஸ்திரியும் கே.வி.சர்மாவும் கருதினார்கள், அவர்கள் பதிப்பு 1962-இல் சென்னையில் வந்தது. சந்திரன் நாளுக்கு எங்கே இருக்கும் என்பதற்கு 248 சிறு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எழுத்துகளிலும் பாகையும் கலையும் எண்ணாக ஒளிந்திருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம். புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர் இதை நேரில் பார்த்து 1825-இல் 'காலசங்கலிதம்' என்ற நூலில் பதிவு செய்தார். தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை வாயால் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு மே இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. கணக்குக்கு அடியிலுள்ள வானியலை அவர் கற்றிருக்கவில்லை, முறையை மட்டுமே கற்றிருந்தார் என்பதை நினைத்தால் வியப்பு இரட்டிப்பாகிறது. ஆனால் அந்த வியப்புக்குள்ளேயே பலவீனமும் இருக்கிறது. முறை மட்டும் கைமாறி, வானத்தைப் பார்க்கும் பழக்கம் கைமாறாமல் போனால், பிழை வளர்வதை யார் கவனிப்பது?

திருத்துவது மரபுக்கு விரோதம் என்று இங்கே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. 683-இல் ஹரிதத்தர் ஆரியபடரின் கணக்குக்குத் திருத்தம் சேர்த்துப் பரகித முறையை உண்டாக்கினார். அதுவும் வானத்தோடு ஒட்டாமல் போனதைப் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் குறித்துவைத்துக் கண்டுகொண்ட பரமேசுவரர், நிளா ஆற்றங்கரையில் இருந்தபடி 1431-இல் திருக்கணிதத்தை எழுதினார். 1500-ஐ ஒட்டி நீலகண்ட சோமயாஜி புதன், சுக்கிரன் கணக்கையே மாற்றிக் கட்டினார். இவர்கள் யாரும் மேல்நாட்டுக்காரரைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் இல்லை. கோயிலுக்கும் சடங்குக்கும் நாள் பார்த்துத் தந்த ஆசாரமான குடும்பங்களில் வந்தவர்கள். பின்னாளில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் வானியல் சங்கத்தில் உறுப்பினரானார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது மக்களுக்காகத் தமிழிலும் சிறுநூல் போட்டார். அவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியது பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்குத்தான். பண்டிதர்கள் பலர் ஏற்கவில்லை. ஆக, திருக்கணிதத்தை 'மேல்நாட்டுக் கணக்கு' என்று சொல்கிறவர்கள் ஹரிதத்தரையும் பரமேசுவரரையும் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். வாக்கியத்தார் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணிதத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள் என்று திருக்கணிதக்காரர்கள் நெடுநாளாகக் குற்றம் சாட்டுவதுண்டு. அது உண்மையானால் காரணம் எளிது. கிரகணத்தை ஊரே பார்க்கும். சனியை யாரும் பார்ப்பதில்லை.

வாக்கியத்தின் பக்கம் வலுவான ஒரு வாதம் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜோதிடத்தின் சனி வானத்தில் தெரியும் வாயுக் கோளம் இல்லை. அது சூட்சும கிரகம். ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்ட கதி வேறு, கண்ணுக்குத் தெரியும் கதி வேறு என்பது அந்த வாதம். இதை யாராலும் மறுக்க முடியாது. சிக்கலே அங்குதான். எந்தக் காட்சியாலும் தோற்காத கூற்று எந்தக் காட்சியாலும் ஜெயிப்பதும் இல்லை. அதோடு, சூட்சும கிரகத்துக்கு 10,766 நாள் என்ற தூல எண்ணைக் கொடுத்தவர்கள் அதை வானத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஆரியபடரின் எண் இன்றைய அளவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதே அதற்குச் சாட்சி. எண்ணை வானத்திலிருந்து வாங்கிக்கொண்டு, பிசகு தெரிந்ததும் வானத்தோடு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றால் எப்படி? பக்தியை இதில் இழுக்க வேண்டியதே இல்லை. குச்சனூரின் பெரிய திருவிழா ஆடி மாதச் சனிக்கிழமைகளில் நடக்கிறது. அதற்குச் சூரிய மாதமும் கிழமையும் போதும், சனி எந்த ராசியில் இருந்தாலும் அந்த விழாவுக்கு ஒரு குறையும் வராது. கும்பிடுவதற்கு வானியல் தேவையில்லை. 'இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நிமிடத்தில் பெயர்கிறது' என்று அறிவிப்புப் பலகை வைத்த நொடியில்தான் கோயில் வானியலுக்குள் காலடி வைக்கிறது. வைத்தபின் அதன் விதிக்குக் கட்டுப்பட்டே தீர வேண்டும்.

அப்படியானால் உள்ளுணர்வுக்கு இடமே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில், நூறு கோடிக்கும் மேலான அண்டங்களை வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசியோடு ஒப்பிட்டு, இறைவனின் பெருமைக்கு முன் அவை அவ்வளவே என்கிறார். விண்மீன் திரள்களை அன்றே எண்ணிச் சொல்லிவிட்டார் என்று இன்று மேடைகளில் முழங்குகிறார்கள். அவர் எண்ணிச் சொல்ல வரவில்லை. எண்ணிக்கை தோற்கும் இடத்தைச் சொல்ல வந்தார். அதை இயற்பியல் பாடமாக்குவது அவருக்கும் பெருமை இல்லை, இயற்பியலுக்கும் உதவி இல்லை. உள்ளுணர்வு விஞ்ஞானத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கெப்ளரிடம் போக வேண்டும். ஜாதகம் கணித்துப் பிழைத்தவர், பக்தர், கிரகங்களின் வரிசையில் கடவுள் ஐந்து வடிவியல் உருவங்களைப் பொதிந்து வைத்திருக்கிறார் என்று 1596-இல் நூலே எழுதியவர். பிறகு டைகோ பிராகே எடுத்துவைத்த செவ்வாயின் அளவீடுகளோடு தம் கணக்கைப் பொருத்திப் பார்த்தபோது 8 கலை இடித்தது. 60 கலை ஒரு பாகை. அந்த 8 கலையைச் சில்லறை என்று ஒதுக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. பல ஆண்டு உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். 1609-இல் நீள்வட்டப் பாதை கிடைத்தது. வாக்கியச் சனியின் பிசகு 8 பாகை, கெப்ளரைத் தூங்கவிடாத பிசகைப்போல் அறுபது மடங்கு. உள்ளுணர்வின் வளத்தில் கெப்ளர் நம் ரிஷிகளுக்குச் சளைத்தவர் இல்லை. அவர் அதைத் தோற்கக்கூடிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த 'தோற்கக்கூடிய இடம்' ஒன்றைக் குச்சனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கட்டப் பார்த்தார்கள். தேவாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில், பொட்டிப்புரம் ஊராட்சியில், மேற்கு மலையடியில் நியூட்ரினோ ஆய்வகம். நியூட்ரினோவே ஒரு துணிச்சலான ஊகமாகப் பிறந்தது. அணுச்சிதைவில் கொஞ்சம் ஆற்றல் கணக்கில் வராமல் போனபோது, யாரும் பிடிக்க முடியாத ஒரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி சொன்னார். கனவுகளைக் குறித்து உளவியலாளர் யுங்கோடு பல ஆண்டு கடிதம் எழுதிய மனிதர்தான் இந்தப் பவுலி. 26 ஆண்டு கழித்து, 1956-இல், ரெய்ன்ஸும் கோவனும் அந்தத் துகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதுவரை அது கொள்கை மட்டுமே. பள்ளத்தாக்கின் வடக்கே பழனி மலைமேல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் பார்த்துவருகிறது. கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை எவர்ஷெட் கண்டதும் அங்கேதான், 1909-இல். அங்கிருந்து தெரிவது சூரியனின் மேற்பரப்பு. உள்ளே எரியும் உலையை நேரடியாகக் காட்ட நியூட்ரினோவால் மட்டுமே முடியும். அதை ரே டேவிஸ் 1960-களின் இறுதியில் எண்ணத் தொடங்கியபோது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. உடனே மாற்றுக் கொள்கைகள் வரிசைகட்டின. சூரியனின் உள்நெருப்பு தணிந்துவிட்டது, அதன் சேதி மேற்பரப்புக்கு இன்னும் வரவில்லை என்றுகூடச் சொன்னார்கள். கேட்கப் புராணம்போல இருந்தாலும் சோதிக்கத் தகுந்த கருத்து அது. 2002-இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் விடை சொன்னது: வழியில் நியூட்ரினோ தன் வகையை மாற்றிக்கொள்கிறது, சூரியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொள்கைகள் பல மடிந்தன. எவரும் மரபு போச்சு என்று அழவில்லை.

பொட்டிப்புரத்தில் கேட்க நினைத்த கேள்வி அடுத்த படி: மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு, அந்த வரிசை என்ன? அதற்குச் சுமார் 50,000 டன் காந்த இரும்புத் தகடுகள், எல்லாத் திசையிலும் குறைந்தது 1 கி.மீ. பாறை, உள்ளே போகச் சுமார் 2 கி.மீ. சுரங்கம். நீலகிரியின் சிங்காரா புலிகளின் பகுதி என்று 2009-இல் கைவிடப்பட்டபின் தேர்ந்த இடம் இது. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்குகள் வந்தன. அந்த எதிர்ப்பைப் பேசும்போது இரண்டு பக்கமும் ஒரு தவறு செய்தது, எல்லா ஆட்சேபங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. நியூட்ரினோ பாய்ந்தால் கதிர்வீச்சு வரும், நிலம் மலடாகும் என்பது ஒரு வகை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கும் மேல் நம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலையும் இரவு பகல் பாராமல் துளைத்துப் போகிறது. ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் போகும். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-இலேயே நம்மவர்கள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். அங்கே எதுவும் மலடாகவில்லை. வெடி வைத்துப் பாறை உடைப்பது, நீரோட்டம், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ. எல்லைக்குள் இருப்பது என்பவை இன்னொரு வகை. இவை சோதித்துப் பார்க்கத் தகுந்தவை, பார்க்கவும் பட்டன. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததும், 2018-இல் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றதும் அந்த வகை ஆட்சேபத்தின் பலன். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்று சொன்னபோது மேற்குத்தொடர்ச்சி மலையின் காட்டையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டியது, மலட்டு நிலத்தைக் காட்டவில்லை. விஞ்ஞானிகள் முதல் வகையைப் பார்த்துச் சிரித்த வேகத்தில் இரண்டாவதையும் சேர்த்து அலட்சியப்படுத்தியதற்கு விலை கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கேள்வி இங்கே நின்றாலும் உலகத்தில் நிற்கவில்லை. சீனாவின் குவாங்டாங்கில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. பொட்டிப்புரத்துக்காக வடிவமைத்த கருவியின் 85 டன் சிறுமாதிரி மதுரையில் அண்டக்கதிர்த் துகள்களை எண்ணியது.

சனியின் வழக்குக்கு அமைச்சரவையும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம். வாக்கியக்காரர்கள் ஹரிதத்தர் செய்ததுபோல ஒரு திருத்தத்தைச் சேர்த்தால் தீர்ந்தது. வாக்கியங்களின் அழகும் அப்படியே இருக்கும். அவர்கள் சேர்க்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை சந்திரன் சனியைக் கடந்து போகிறது. எந்தப் பஞ்சாங்கத்திலும் சந்திரன் நிற்கும் நட்சத்திரமும் சனி நிற்கும் நட்சத்திரப் பாதமும் அச்சாகியிருக்கும். ஒரு பாதம் 3 பாகை 20 கலை. ஆகவே 8 பாகைப் பிசகு இரண்டு பாதத்துக்கும் மேல். சந்திரன் நாளுக்குச் சுமார் 13 பாகை நகர்வதால், வாக்கியம் சொல்லும் சனியை அது ஏறத்தாழ 15 மணி நேரம் முன்னதாகவே தாண்டியிருக்க வேண்டும். மேகம் இல்லாத ஓர் இரவில், சந்திரன் சனியை நெருங்கும் நாள் பார்த்து, இரண்டு பஞ்சாங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு குச்சனூர்க் கோயில் வாசலில் நின்றே இதைச் சரிபார்த்துவிடலாம்.